தவமணி அக்காவின் நெற்றியும் மணிக்கட்டும்

தவமணி அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு படமாகத்தான் வந்தது. காலையில், வைபரில், பழைய அலுவலக நண்பர் ஒருவர் அனுப்பிய மரண அறிவித்தல். இரு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் ஒரு பெண்ணின் முகம். யாரென்று தெரியாமல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே சீரான மாநிறம். நெற்றியின் நடுவில் வட்டமான சிவப்புப் பொட்டு. கீழே இருந்த பெயரை வாசித்த பிறகும் நம்பவில்லை. எனக்குத் தெரிந்த தவமணி அக்காவுக்கு நெற்றியும் கண் இமைகளும் வாயைச் சுற்றிய இடமும் வெள்ளை. மிச்சமெல்லாம் நல்ல கறுப்பு. பொட்டு வைப்பதை அவர் விட்டு இருபது வருடத்துக்கு மேல். யாரோ கொம்பியூட்டரில் அந்த முகத்தைக் கழுவி, நிறம் பூசி, கடைசியாக ஒரு பொட்டும் ஒட்டிவிட்டிருந்தார்கள்.

வெள்ளவத்தையில் இருக்கும் அவருடைய தம்பி குலேந்திரனுக்கு போன் செய்தேன். செய்தி உண்மை. முதல் நாள் பின்னேரம், கொட்டாஞ்சேனையில் அவர் தனியாக இருந்த அறையில் நெஞ்சு நொந்திருக்கிறது; ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னரே முடிந்துவிட்டது. எழுபது வயது. படத்தைப் பற்றிக் கேட்டேன். “ஸ்டூடியோக்காரன் வடிவாச் செய்து தந்தவன். கடைசியாயெண்டாலும் நல்லா இருக்கட்டுமே” என்றார். பிறகு முப்பத்தோராம் நாளுக்கு ஒரு சிறிய நினைவு மலர் அடிக்கப் போவதாகவும், எழுதத் தெரிந்தவன் என்பதால் நான் ஒரு பக்கம் தர வேண்டும் என்றும் கேட்டார். போனை வைக்க முன்னர், “வருத்தத்தைப் பற்றி மட்டும் ஒண்டும் வேண்டாம், என்ன” என்றார். வருத்தம் என்று அவர் சொன்னது அந்தத் தோல் நோயை.

அந்த ஒரு பக்கத்தை நான் எழுதிக் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். கோட்டையில் அந்தக் கப்பல் முகவர் அலுவலகத்தில் எங்களோடு வேலை செய்தவர்கள் இதை வாசிக்க வேண்டும். உங்களில் பலர் அவரை வெண்குட்டம் பிடித்த ஒரு மனுசி என்றுதான் நினைவில் வைத்திருப்பீர்கள். அந்தச் சொல்லை அலுவலகத்தில் சொன்னவர்கள் யார் யாரென்று எனக்கு இப்போதும் தெரியும். அந்த வெள்ளை எப்படி வந்தது, எந்த இடத்தில் நின்றிருக்கக்கூடும் என்பது முழுதாக இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த கதை. ஒருவர் போய்விட்டார்.

வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்துநான்கு வயது. இரசாயனவியலில் சிறப்புப் பட்டம். அந்தப் பட்டத்துக்கு அப்போது கிடைக்கக்கூடியதாக இருந்த இரண்டு நல்ல வேலைகளுக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். இரண்டு இடத்திலும் என் பெயரை வாசித்ததும் கேள்விகள் முடிந்துபோயின. அதை நான் மறக்கவில்லை. மறக்கும் எண்ணமும் இல்லை. கடைசியில் ஏற்றுமதிப் பத்திரங்களைச் சரிபார்க்கும் எழுதுவினைஞனாக வந்து உட்கார்ந்தேன். அந்தப் பிரிவுக்கு மூத்தவர் தவமணி அக்கா. என்னைவிடப் பதினேழு வயது கூட. உயரம், கறுப்பு, விறைப்பாகக் கஞ்சி போட்ட பருத்திச் சேலை. முதல் நாள் முழுவதும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “தம்பி, இங்கை அமிலமும் காரமும் இல்லை. தேயிலையும் தென்னந்தும்பும்தான். அதுகளும் ஒழுங்காப் போய்ச் சேர வேணும், கண்டீரோ” என்றார். அவர் சரிபார்த்த பத்திரம் ஒன்று பிழையென்று எந்தத் துறைமுகத்திலிருந்தும் திரும்பி வந்ததை நான் காணவில்லை.

இரண்டு பேரும் வெள்ளவத்தை. நான் ஒரு வாடகை அறையில். அவர் தம்பியின் குடும்பத்தோடு ஒரு தொடர்மாடியில். அவர் கலியாணம் முடிக்கவில்லை. தம்பியின் ஒரே மகள் தர்ஷினி அவர் மடியில் வளர்ந்தவள். காலையில் ஒரே பஸ்ஸில் காலி வீதி வழியாகக் கோட்டைக்குப் போவோம். அக்கா அப்போது வைத்தது குங்குமம். குளித்துவிட்டு வந்து மோதிர விரலால் ஒரு தரம் அழுத்தி வைத்தால் பின்னேரம் வரை அசையாது.

போர்க்காலம் அது. ஒருநாள் கொள்ளுப்பிட்டிக்கு அப்பால் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் அவர் முன்னால், நான் பின்னால். சிப்பாய் அவருடைய நெற்றியைப் பார்த்து ஒரு பக்கமாக நிற்கச் சொன்னான். அவரோடு வந்தவன் நீயா என்று கேட்டு என்னையும் நிற்கச் சொன்னான். மற்றவர்கள் ஏறிப் போனார்கள். நாங்கள் வெயிலில் மூன்று மணித்தியாலம் நின்றோம். அன்று எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அப்படி மறிக்கப்பட்டு ஏதாவது நடந்தவர்களை நான் அறிவேன். அதனால் அந்த மூன்று மணித்தியாலமும் என் உடம்பில் இன்னும் இருக்கிறது.

மறுநாள் பஸ் தரிப்பில் அவரிடம் நான் சொன்னேன்: “அக்கா, இந்தக் குங்குமத்தை விடுங்கோ. உங்களாலை என்னையும் சேர்த்து மறிக்கிறாங்கள்.”

அவர் கோபிக்கவில்லை. “உம்மடை ஐசியிலை கிடக்கிற பேர் காணாதே? என்ரை நெத்தியிலைதான் உம்மடை பேர் எழுதிக் கிடக்கோ?” என்று கேட்டார். பொட்டு இல்லாவிட்டாலும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரே தமிழனென்று காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் சொன்னார். ஆனால் அடுத்த திங்கட்கிழமை அவர் ஒட்டுப்பொட்டோடு வந்தார். கூந்தற் பின்களோடு அட்டையில் குத்தித் தொங்கவிட்டு விற்கிற, பின்னால் பசை உள்ள அந்தச் சிவப்பு வட்டம். “இது கழட்டிப் பூட்டலாம். பார்ட் டைம் பொட்டு” என்றார்.

அந்த வேலையை அவர் செய்த விதம் எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. பஸ் கொள்ளுப்பிட்டியை நெருங்கும்போது வலது கை நகத்தால் பொட்டின் ஓரத்தைக் கிளப்புவார். இடது கையைத் திருப்பி, உள்பக்கம், மணிக்கூட்டுப் பட்டிக்குக் கீழே தோலில் ஒட்டிவிடுவார். யாரும் பார்த்தால் நேரம் பார்ப்பது போலத்தான் இருக்கும். அலுவலகத்தில் மின்தூக்கிக் கண்ணாடியைப் பார்த்து மறுபடி நெற்றிக்கு ஏற்றுவார். பின்னேரம் திரும்பவும் அதே. பசை போகும்வரை ஒரே பொட்டு மூன்று நான்கு நாளைக்கு ஓடும். அந்த வருடங்களில் கொழும்பில் வேலைக்குப் போன எங்கள் பெண்களில் எத்தனையோ பேர் இப்படித்தான் செய்தார்கள். கைப்பைக் கண்ணாடியில் ஒட்டியவர்கள் உண்டு, அடையாள அட்டையின் உறையில் ஒட்டியவர்கள் உண்டு. தோலில் ஒட்டியது எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். பையைத் திறந்து பார்ப்பார்கள், கையைத் திருப்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கு ஒருநாளும் பிழைக்கவில்லை.

ஒன்றரை வருடம் இருக்கும். ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பொட்டைக் கிளப்பி நெற்றியைக் காட்டினார். பொட்டு இருந்த இடத்தில் பருப்பளவு வெள்ளை. பிறகு மணிக்கூட்டைக் கழற்றினார். உள் மணிக்கட்டில் இன்னொன்று, சற்றுப் பெரியது. “என்ன தம்பி இது? உம்மடை பாடமெல்லோ?” என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் மணிக்கூட்டைத் திரும்பக் கட்ட அவருக்குக் கன நேரம் எடுத்தது.

அக்காவுக்குப் பயம் தனக்காக அல்ல. தர்ஷினிக்கு அப்போது பத்தொன்பது வயது. கலியாணப் பேச்சுக்கால் தொடங்குகிற வயது. வீட்டில் ஒருவருக்கு வெண்புள்ளி என்றால் அந்த வீட்டுப் பிள்ளையை யாரும் எடுக்க மாட்டார்கள் என்பது அவருக்கும் எனக்கும் உங்களுக்கும் தெரியும். இது பரம்பரையா, வெளியிலிருந்து வந்ததா என்ற ஒரு கேள்விக்குத்தான் அவருக்கு மறுமொழி வேண்டியிருந்தது. தம்பிக்குத் தெரியாமல், அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் தோல் கிளினிக்குக்கு என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

வைத்தியர் ஐம்பது வயதுள்ள ஒரு சிங்களப் பெண். அவசரம் இல்லாதவர். இருவரையும் இருக்கச் சொல்லி, அக்காவின் நெற்றியைத் தடவிப் பார்த்தார், கையைத் திருப்பிப் பார்த்தார். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். இல்லை. முடிக்குச் சாயம் பூசுவீர்களா? இல்லை. நெற்றியில் பொட்டு வைப்பீர்களா? கோவிலுக்குப் போகும்போது மட்டும், அதுவும் குங்குமம் என்று அக்கா திருத்தமான சிங்களத்தில் சொன்னார். அன்று பொட்டு அவருடைய கைப்பைக்குள் இருந்தது. வைத்தியர் கொஞ்ச நேரம் யோசித்தார். வேறெங்கும் இல்லை, இந்த இரண்டே இடம், இரண்டும் வட்டம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, இரண்டு இடத்திலும் படுகிற ஒரு பொருள் இருக்க வேண்டும், நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்று பேனையைத் தூக்கியபடி காத்திருந்தார்.

“ஒரலோசுவ, டொக்டர்” என்றார் அக்கா. மணிக்கூடு.

நெற்றிக்கும் மணிக்கூட்டுக்கும் என்ன தொடர்பு என்று அந்த வைத்தியர் கேட்டிருக்கலாம். வெளியே எழுபது பேர் காத்திருந்தார்கள். மணிக்கூடு கட்டுவதை நிறுத்தச் சொன்னார், ஒரு களிம்பு எழுதினார், ஆறு மாதத்தில் வரச் சொன்னார்.

அந்த மனுசி நல்லவர். உண்மையைச் சொல்லியிருந்தால் ஏன் மறைத்தாய் என்று அவர் கேட்டிருக்க மாட்டார். ஆனால் அதே மொழியில் அதே கேள்வியை எங்களிடம் வேறு ஆட்கள் வேறு இடங்களில் கேட்டிருந்தார்கள். எதையாவது மறைத்தேன் என்று ஒத்துக்கொள்வதே ஒரு குற்றமாக இருந்த காலம். கிளினிக் வாசலில் ஒரு பொலிஸ்காரர் வேறு நின்றார். அவர் அங்கே நின்றது வரிசையை ஒழுங்குபடுத்த. அது தெரிந்தும் நாங்கள் அவரைக் கடக்கும்போது கதைப்பதை நிறுத்தினோம். படிகளில் இறங்கியபோது அக்கா சொன்னார்: “பயம் எண்டது நல்ல வேலைக்காரன், தம்பி. நான் வாய் திறக்க முதலே அது மறுமொழி சொல்லிப் போட்டுது.”

நான் இரசாயனம் படித்தவன். ரப்பரிலும் சப்பாத்துப் பசையிலும் சேர்க்கிற சில பொருட்கள் தோலில் நிறத்தை உண்டாக்கும் கலங்களைக் கொல்லக்கூடியவை என்று ஒரு விரிவுரையில் கேட்டது அந்த அறையில் இருக்கும்போதே அரைகுறையாக நினைவுக்கு வந்தது. நான் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். பிறகு பார்க்கவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தேன். அந்த வருடம் ஒரு கலியாணத்துக்காகச் சென்னைக்குப் போனபோது, வெள்ளையை மறைக்க இந்தப் பொட்டு காணாது, பெரிய அளவில் கிடைத்தால் வாங்கி வாரும் என்று அக்கா சொல்லிவிட்டார். வாங்கி வந்தேன். பன்னிரண்டு அட்டை. வெள்ளை வளர வளர அவர் அதைவிடப் பெரிய வட்டத்தை அதன் மேல் ஒட்டினார். எந்தப் பொருளிலிருந்து அது வந்ததோ அதே பொருளால் அதை மூடிக்கொண்டிருந்தார். நான் எதிர் மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அலுவலகத்தில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முன் கவுண்டரிலிருந்து அவரைப் பின்னால் கோப்பறைக்கு மாற்றியவர் மனேஜர். வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார்களாம். அவருடைய தேநீர்க் கோப்பையின் கைபிடியில் சிவப்பு நூல் கட்டிப் பிரித்து வைத்தது யாரென்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அக்கா அந்தக் கோப்பையைத் தூக்கிக் காட்டி, “தனிக் கோப்பை மனேஜருக்கும் எனக்கும் மட்டும்தான். அவருக்கு என்ன வருத்தமோ தெரியாது” என்றார். சிரிக்காதவர்கள் யாரென்றும் எனக்கு நினைவிருக்கிறது.

தர்ஷினிக்கு முதல் பேச்சுக்கால் வந்த கிழமை அவர் வெள்ளவத்தையை விட்டுப் போனார். போகச் சொன்னார்கள் என்று நான் நினைத்தேன். இல்லை, அவராகவே போனார். கொட்டாஞ்சேனையில், மாதா கோவிலுக்குப் பக்கத்து ஒழுங்கையில், ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் மேல்மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரியும். பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்டால் மாமி யாழ்ப்பாணத்தில் என்று சொல்லச் சொல்லியிருந்தார். “ஒரு பஸ் தூரத்திலை இருந்துகொண்டு யாழ்ப்பாணம் போட்டன். ஆமியிட்டைப் பாஸும் எடுக்கேல்லை” என்றார். தர்ஷினியின் கலியாண மண்டபத்துக்கு அவர் வரவில்லை. அன்று காலை வழக்கம்போல வேலைக்கு வந்து, எட்டு மணியிலிருந்து கோப்புகளுக்கு இலக்கம் போட்டார். முகூர்த்த நேரத்தில் மட்டும் பேனையை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தார்.

போர்நிறுத்தம் வந்தபோது சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாக எடுபட்டன. அக்கா பஸ்ஸில் பொட்டைக் கழற்றுவதை விட்டார். காலையில் ஒட்டியது இரவு வரை நெற்றியில். நாங்கள் எல்லோரும் மூச்சு விட்ட அந்த வருடத்தில்தான் வெள்ளை இரண்டு புருவத்தையும் தொட்டது. பிறகு பசை படாத இடங்களுக்கும் போனது: இமைகள், வாய், விரல் நுனிகள். பொட்டு முழு நாளும் இருக்கத் தொடங்கிய பிறகுதான் வெள்ளை வேகம் எடுத்தது என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். ஒரு நாள் தொலைபேசியில், “தம்பி, நான் அந்த டொக்டரிட்டைத் திரும்பப் போகப் போறன். இந்த முறை உண்மை சொல்லப் போறன்” என்றார். என்னை வரச் சொல்லவில்லை. நானாகவே போனேன்.

அதே வைத்தியர்; தலை நரைத்திருந்தது. அக்கா கைப்பையிலிருந்து ஒட்டுப்பொட்டு அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பஸ், கொள்ளுப்பிட்டி, நகம், மணிக்கூட்டுப் பட்டி என்று எல்லாவற்றையும் சிங்களத்தில் ஒழுங்காகச் சொன்னார். ஏற்றுமதிப் பத்திரம் வாசிக்கிற குரல். வைத்தியர் அட்டையைத் திருப்பிப் பசையைப் பார்த்தார். இப்படியான பசைகள் சிலவற்றில் நிறக் கலங்களைக் கெடுக்கும் பொருள் உண்டு என்றார். ரப்பர் செருப்பின் பட்டியாலும், கையுறையாலும், சில கிருமிநாசினிகளாலும் இப்படி வந்தவர்களைத் தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். எல்லோருக்கும் வருவதில்லை; சில உடம்புகள் தாங்காது. சிலருக்குப் பட்ட இடத்தோடு நிற்கும், சிலருக்கு அங்கே தொடங்கி மற்ற இடங்களுக்கும் போகும். முதல் தடவையே நிறுத்தியிருந்தால் இரண்டு புள்ளிகளோடு நின்றிருக்கவும் கூடும். ஆனால் பசை இல்லாவிட்டாலும் ஒருநாள் வந்திருக்காது என்று தன்னால் சத்தியம் பண்ண முடியாது என்றும் அவர் சொன்னார். அன்று ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. அக்காவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஒரு கடிதம் கேட்டு வாங்கினார். இது தொற்றாது, ஒட்டுப்பொட்டின் பசையால் தூண்டப்பட்டிருக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வெள்ளவத்தைக்குப் போனோம். குலேந்திரன் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

“இருக்கலாம் எண்டுதானே அக்கா போட்டிருக்கு” என்றார்.

“ஓம். டொக்டர் பொய் எழுத மாட்டா.”

“இருக்கலாம் எண்ட சொல்லை நம்பி ஆர் பொம்பிளை எடுப்பினம்? நாளைக்கு தர்ஷினிக்குப் பிள்ளை பிறக்கும். அதுகளுக்குக் கலியாணம் பேசேக்கை கேக்காயினமோ?”

கடிதத்தை மடித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அக்கா கேட்ட ஒன்றே ஒன்று, அதைத் தர்ஷினிக்குக் காட்டு என்பது. காட்டுறன் என்றார். குலேந்திரனை நான் வெறுத்தது அன்று தொடங்கியது. அவர் கெட்டவர் இல்லை என்பது அந்த வெறுப்பைக் குறைக்கவில்லை.

அன்றோடு அக்கா பொட்டை விட்டார். எதையும் மூடாத முகத்தோடு திரிந்தார். நிறம் திரும்பி வரவில்லை. “முதல் கறுப்பு எண்டு பேசிச்சினம். இப்ப வெள்ளை எண்டு பேசீனம். நடுவிலை ஒரு கிழமை நான் வடிவாயிருந்திருப்பன், ஒருத்தரும் சொல்லேல்லை” என்பார். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. பஸ்ஸிலும் கோவிலிலும் ஒட்டுப்பொட்டு வைத்த பெண்களைக் கண்டால், அறிமுகமே இல்லாவிட்டாலும், அதைக் கிளப்பிக் கீழே பார்க்கச் சொல்வார். ரப்பர் செருப்புப் போட்டவர்களின் கால்களைப் பார்ப்பார். ஜிந்துப்பிட்டி முருகன் கோவிலில் ஒரு இளம் பெண்ணிடம் அப்படிச் சொல்லப் போய், அவளுடைய தாய், “ஒங்க சீக்க எங்க புள்ளைக்கு ஒட்ட வைக்க வந்தீங்களா?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி பேசிவிட்டாள். அதை எனக்குச் சொன்னபோது அக்கா சிரித்தார். “நான் ஒட்டிறதைக் கழட்டச் சொல்லுறன். அவ நான் ஒட்ட வாறன் எண்டுறா.” கொஞ்சம் பொறுத்து, “அந்தப் பிள்ளை கழட்டிப் பாத்திருப்பாள். வீட்டை போய்ப் பாத்திருப்பாள்” என்றார். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார் என்று எனக்குத் தோன்றியது.

இறந்தவர்களை வைக்கும் பொறளை மலர்ச்சாலைக்கு நான் போனபோது பெண்கள் உடம்பைச் சோடித்துக்கொண்டிருந்தார்கள். கனடாவிலிருந்து தர்ஷினி வந்திருந்தாள். அவளுக்கே இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. பட்டுச் சேலை, மாலை எல்லாம் முடிந்து, கலியாணம் முடிக்காத மனுசி, வெறும் நெற்றியோடு அனுப்பக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். தர்ஷினி கைப்பையைத் திறந்து ஒட்டுப்பொட்டு அட்டையை எடுத்து, பெரிதாக ஒன்றைத் தேடி நகத்தால் உரித்தாள்.

“ஒட்டாதையும், பிள்ளை” என்று நான் சொன்னேன். சத்தம் நான் நினைத்ததைவிடக் கூடிவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

குலேந்திரன் பக்கத்தில் வந்து என் தோளைத் தொட்டார். “விடும். செத்த உடம்புக்கு இனி என்ன வரப் போகுது?”

“ஏன் அங்கிள்?” என்று தர்ஷினி கேட்டாள். பொட்டு அவளுடைய விரல் நுனியில் ஒட்டியிருந்தது.

வெளியே வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் வைத்து எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். பஸ் தரிப்பில் நான் கேட்டதிலிருந்து, சென்னையில் வாங்கிய பன்னிரண்டு அட்டை வரைக்கும். கடிதத்தை அவள் காணவேயில்லை. தன் இரண்டு பிள்ளைகளையும் சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு பிறந்தநாளிலும் குளிக்க வார்க்கும்போது தலையிலிருந்து கால் வரை வெள்ளை தேடிப் பார்த்ததாகச் சொன்னாள். மாமிக்கு அது தெரிந்திருக்குமோ என்று கேட்டாள். அவருக்குத் தெரியாது என்றேன். உண்மையில் எனக்கும் தெரியாது. அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, கோபம் இல்லாமல், கணக்கில் விட்டுப்போன ஒன்றைக் கேட்பவள் போலக் கேட்டாள்:

“அந்த முதல் நாள், டொக்டர் கேக்கேக்கை, நீங்களும் பக்கத்திலை இருந்தனீங்கள்தானே அங்கிள்?”

“ஓம்.”

அவள் உள்ளே போய் அட்டையைக் கைப்பைக்குள் வைத்து மூடினாள். உறவுப் பெண்கள் எவ்வளவு சொல்லியும் மறுத்துவிட்டாள். அந்த நெற்றி அப்படியே, வெள்ளையாக, கனத்தை மயானத்துக்குப் போனது.

நினைவு மலரில் அவருடைய நேர்மை, பக்தி, கடமையுணர்ச்சி எல்லாம் வரும். அவை உண்மைதான். என்னிடம் இருப்பது வேறு. தர்ஷினிக்கு நான் சொல்லாமல் விட்ட ஒன்று. அந்த அறையில் வைத்தியர் பேனையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தபோது, மறுமொழி சொல்ல முன்னர், அக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். வாயைத் திறக்காதையும் என்று அதற்கு அர்த்தம் வைத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது. இத்தனை வருடமும் அந்த அர்த்தத்தோடுதான் நித்திரை கொண்டேன். இப்போது அந்த முகம் வரும்போது வேறு விதமாகத் தெரிகிறது. என்னாலை சொல்ல ஏலாமல் கிடக்கு, நீர் சொல்லும் என்று கேட்ட முகம் போலவும் இருக்கிறது. எது என்று அவரிடமே கேட்டிருக்கலாம். கொட்டாஞ்சேனை எனக்கு முக்கால் மணித்தியாலப் பஸ் பயணம். மாதம் ஒரு தரமாவது போய் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்து, மனேஜரைத் திட்டி, குலேந்திரனைத் திட்டி, நாட்டைத் திட்டிவிட்டு வருவேன். இதை மட்டும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்த ஒரு பார்வைதான் அவரிடமிருந்து என்னிடம் இருப்பது.